துண்டு போட்ட இடம்

உக்காருங்க சார், உக்காருங்க. யோசிக்காதீங்க. அந்தத் துண்டு என்னுதுதான். ஜன்னல் வழியா நான்தான் போட்டேன். ஒரு துண்டுக்கு ரெண்டு இடம், அதான் மன்னார்குடி பஸ் ஸ்டாண்டு வழக்கம். யாராவது கேட்டா 'ஆளு வருது'ன்னு சொல்லிடுவேன். எந்த ஆளு? நீங்கதான் அந்த ஆளு. வந்துட்டீங்கள்ல, என் சொல்லு பொய்யாகல பாருங்க.

பையை மடியில வைக்காதீங்க, மேல வைங்க. மருந்துக் கம்பெனியா? பாத்தாலே தெரியுது. அயர்ன் பண்ண சட்ட, பாலிஷ் போட்ட ஷூ, மூஞ்சில மட்டும் தூக்கம். தஞ்சாவூரா? நானும் தஞ்சாவூர்தான். சொந்தக்காரங்க வூட்டுக் கல்யாணம். ஆமா, புதன்கிழமதான். முகூர்த்தம் என்ன, லீவு பாத்துத்தான் வரணுமா? என் பையா? இது கொஞ்சம் கனம். காலுக்கடியிலயே இருக்கட்டும். பரிசுப் பாத்திரம் இருக்கு.

ஏப்பா கண்டக்டரு, தஞ்சாவூர் ஸ்டாண்டு ஒண்ணு. என்னா சிரிக்கிற? 'இந்தத் தடவையும் ஸ்டாண்டுதானா'வா? ஸ்டாண்டுதான், குடு. பாத்தீங்களா சார், இந்த ரூட்டுல எல்லாருக்கும் என்னத் தெரியும்.

துண்டு எவ்ளோ வெள்ளையா இருக்கு பாத்தீங்களா? தொட்டுப் பாருங்க. இது பஸ்ல இடம் பிடிக்க வாங்குனதில்ல சார். இது நாற்காலித் துண்டு. கவர்மெண்டு ஆபீசுக்குப் போயிருப்பீங்கள்ல? வரிசையா எல்லாரும் உக்காந்திருப்பாங்க, ஒரே ஒரு நாற்காலி முதுகுல மட்டும் வெள்ளத் துண்டு கெடக்கும். அதப் பாத்தாலே ஜனங்களுக்குத் தெரிஞ்சிரும், அய்யா அங்க இருக்காருன்னு. ஆளு இல்லன்னாலும் துண்டுக்கு ஒரு கும்பிடு போடுவாங்க. நான் உதவியாளர் சார், அசிஸ்டெண்டு. இருபத்திநாலு வருஷ சர்வீசு. எந்த இலாகான்னு மட்டும் கேக்காதீங்க. சொன்னா உங்க பைலு ஒண்ணு எங்ககிட்ட நிலுவையில இருக்கும், அப்புறம் நீங்க எந்திரிச்சு வேற சீட்டுக்குப் போயிருவீங்க. பேரு தட்சிணாமூர்த்தி. அந்தச் சாமி வாயே தொறக்காம பாடம் நடத்துனாரு. நான் வாய மூடாம நடத்துறவன்.

விஷயத்துக்கு வர்றேன். எங்க சூப்பிரண்டெண்டு நாகரத்தினம் சார் பிப்ரவரியில ரிடையர் ஆனாரு. மால போட்டோம், வெங்கல விளக்கு குடுத்தோம், அவரு அழுதாரு, நாங்க போண்டா சாப்பிட்டோம். நாற்காலி காலி. கூடுதல் பொறுப்பு யாருக்கு? எனக்கு. மூணு மாசம் சார்! அவரு ரூமு, அவரு கம்ப்யூட்டரு, அவரு காலிங் பெல்லு. நான் ஒரு அடி அடிச்சா அய்யாக்கண்ணு டீயோட வந்து நிப்பான், எங்க ஆபீஸ் பியூனு. 'வா'ன்னு கூப்பிட்டா வராதவன், மணிச் சத்தம் கேட்டா வர்றான்.

பதவி உயர்வு பட்டியல் ஜூன் ஒண்ணாந்தேதி வரணும். ஆபீஸ்ல எல்லாரும், 'சார், நீங்கதான். வேற யாரு இருக்கா?'ங்கிறாங்க. வேற யாருமில்லன்னு எனக்கும் தெரியும். சரின்னு இருபத்தெட்டாந்தேதியே போயி இந்தத் துண்ட வாங்கி, சோப்புப் போட்டு அலசி, நாற்காலியில விரிச்சுட்டேன். பொண்ணு பாக்குறதுக்கு முன்னாடி தொட்டில் கட்டுன கததான், ஒத்துக்கிறேன். ஆனா பஸ்ல துண்டு போட்டுப் பழகுன கை சார். காலி இடத்தப் பாத்தா சும்மா இருக்காது.

பட்டியல் வந்துச்சு. பொற்கொடின்னு பேரு போட்டிருந்துச்சு.

பொற்கொடி யாருன்னு கேக்குறீங்களா? எனக்குப் பதிமூணு வருஷம் ஜூனியரு. கருணை அடிப்படையில வேலைக்கு வந்த பொண்ணு. வந்த புதுசுல 'பெறுநர்' எங்க எழுதணும், 'அனுப்புநர்' எங்க எழுதணும்னு தெரியாது. எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது. துறைத் தேர்வுக்குப் பாடம் எடுத்தது யாரு? நான்தான். தெனமும் மத்தியான சாப்பாட்டு நேரத்துல, டிபன் பாக்ஸ மூடி வச்சிட்டு, விடுப்பு விதி, நடத்தை விதி, ஆபீஸ் நடமுறை எல்லாம் சொல்லுவேன். அது ஒரு நோட்டுல எழுதும். மொத தடவையிலயே பாஸு. அது மட்டுமில்ல சார், இதுவரைக்கும் என்கிட்ட படிச்சுப் பாஸ் பண்ணவங்க பதினாலு பேரு. ஒருத்தர்கூட ஃபெயிலு கெடையாது. அந்தப் பரிச்சைய புத்தகத்தப் பாத்தே எழுதலாம், ஆனா எந்த விதி எந்தப் பக்கத்துல இருக்குன்னு தெரியணும்ல? என்னக் கேளுங்க, கண்ண மூடிக்கிட்டுப் பக்கம் சொல்றேன்.

எனக்கு வருத்தமெல்லாம் இல்ல சார். சத்தியமா இல்ல. நான் அத ரொம்ப லேசா எடுத்துக்கிட்டேன். மறுநாளே முதுகு வலின்னு மெடிக்கல் லீவு போட்டுட்டேன், அவ்ளோதான்.

இல்லைங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு நடந்துச்சு. அந்தப் பொண்ணு அன்னைக்குப் பொறுப்பேத்துக்க வந்துச்சு. நாற்காலியப் பாத்துச்சு. துண்டப் பாத்துச்சு. உக்காரல சார். நின்னுக்கிட்டே கையெழுத்துப் போட்டுட்டு, துண்ட எடுத்து நாலா மடிச்சு, 'சார், இது உங்களோடதா?'ன்னு கேட்டுச்சு. நான், 'இல்லம்மா, ஆபீஸ் துண்டு'ன்னுட்டேன். எத்தன பேரு பாத்துக்கிட்டு நிக்கிறாங்க! வேற என்னத்தச் சொல்றது?

வேர்க்கடல சாப்பிடுறீங்களா? சூடா இருக்கு, எடுத்துக்குங்க.

லீவுல நான் நல்லாத்தான் இருந்தேன். வூட்ல வேலையா இல்ல? மொத நாளு எங்க பீரோவ ஒழுங்கு பண்ணேன். ரெண்டா நாளு அடுக்களைய ஒழுங்கு பண்ணப் போனேன், செண்பகவல்லி கரண்டிய எடுத்துட்டா. என் வீட்டுக்காரி. அப்புறம் ஒரு ஏற்பாடு பண்ணேன். என்ன சமைக்கிறதுன்னு காலையில ஒரு சீட்டுல எழுதி மேசமேல வச்சிரணும், நான் பாத்து ஒப்புதல் குடுப்பேன். எங்க ஆபீஸ்ல அய்யாமாருக்கு ஒரு பைலு பிடிக்கலேன்னா ஓரத்துல 'பேசவும்'னு எழுதிருவாங்க. எழுதுனவன் கிடுகிடுன்னு ஓடி வந்து பேசணும். இவ மொத நாளே 'கத்திரிக்கா கொழம்பு'ன்னு எழுதி வச்சிருந்தா. நான் ஓரத்துல 'பேசவும்'னு எழுதிட்டு உக்காந்திருந்தேன். வருவான்னு பாத்தேன், வரல. மத்தியானம் தட்டோட அந்தச் சீட்டு வந்துச்சு. நான் எழுதுனதுக்குக் கீழ எழுதியிருந்தா: 'பேசியாச்சு. சாப்பிடவும்.'

இருபத்தோரு வருஷமா இப்படித்தான் சார் குடும்பம் நடத்துறேன்.

ஆனா ஒரு தொல்ல பாருங்க. எனக்குக் கவல இல்ல, ஆபீஸ்ல இருக்குறவங்களுக்குக் கவல. சங்கத்துலேர்ந்து மூணு பேரு வூட்டுக்கே வந்துட்டாங்க. 'அண்ணே, இது அநியாயம். வாசல்ல கோஷம் போடப் போறோம். கலெக்டர்கிட்ட மனு குடுக்கப் போறோம்'ங்கிறாங்க. வேணாம்யா, எனக்குச் சண்ட பிடிக்காதுன்னேன். கேட்டாத்தான? 'நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்ணே. துறைத் தேர்வு பாஸ் பண்ண உத்தரவு இருக்கும்ல, அதுல ஒரு ஜெராக்ஸ் மட்டும் குடுங்க, மனுவோட இணைக்கணும்'னாங்க. பீரோ சாவி தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன். மறுநாள் ஒருத்தரு பூட்டு ரிப்பேர்காரனக் கூட்டிட்டு வந்துட்டாரு சார்! ஊர்ப் பாசம் எப்படியெல்லாம் வந்து கழுத்தப் பிடிக்குது பாருங்க.

ஏன் குடுக்கலன்னா கேக்குறீங்க? குடுக்கலாம். இருந்தா குடுக்கலாம்.

வடுவூர் வந்துருச்சு. கூட்டம் ஏறும், கால மடக்கிக்குங்க.

நீங்க டாக்டர் ரூம் வாசல்ல காத்துக்கெடந்து பழகுனவரு, உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன. தஞ்சாவூர்ல எறங்குனா நீங்க யாரோ நான் யாரோ. நான் அந்தப் பரிச்ச எழுதவே இல்ல சார். ஃபெயிலு இல்ல. எழுதவே இல்ல. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாடி மூணு பேராத் தஞ்சாவூர் போனோம். மத்த ரெண்டு பேருக்கும் நான்தான் பாடம் எடுத்தேன். பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போயிட்டோம். அங்க நின்னப்பத் திடுதிப்புன்னு ஒரு நெனப்பு. இவனுங்க பாசாயி, பாடம் எடுத்த நான் ஃபெயிலாயிட்டா? 'ஹால் டிக்கெட்ட பஸ்ல விட்டுட்டேன்டா, நீங்க போங்க, எடுத்துட்டு வந்துர்றேன்'னேன். அப்படியே ஸ்டாண்டுக்கு நடந்தேன். அங்க ஒரு ஓட்டல்ல தோச சாப்பிட்டேன். அப்புறம் ஊருக்கு வந்துட்டேன்.

ரிசல்ட் வந்துச்சு. ரெண்டு பேரும் பாஸு. லட்டு வாங்கிட்டு வந்து என் வாயிலதான் மொதல்ல போட்டாங்க, குருன்னு. போட்டுட்டு, 'நீங்களும் பாஸ்தான சார்?'னு கேட்டாங்க. வாயில முழு லட்டு இருக்கு சார். எப்படி இல்லன்னு சொல்றது? தலைய ஆட்டிட்டேன். மென்னு முழுங்கிட்டுச் சொல்லிக்கலாம்னுதான் நெனச்சேன். அதுக்குள்ள கை தட்டிட்டாங்க.

பொய் சொன்னேன்னு சொல்லாதீங்க. தலைதான் ஆடுச்சு.

அப்புறம் அது அப்படியே போச்சு. அந்தப் பாஸ் இல்லாம பிரமோஷன் கெடையாது சார். நடுவுல ரெண்டு தடவ ஜூனியருக்கு வேற ஜில்லாவுல பிரமோஷன் வந்துச்சு. 'உங்களுக்கு வரலியா சார்'னு கேட்டாங்க. 'வந்துச்சுப்பா, வெளியூர் போக மனசில்ல, வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்'னேன். அட, என்னா பெருந்தன்மைன்னாங்க. செண்பகவல்லியும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கா, பாவம். என் தம்பி பொண்டாட்டிகிட்ட பெருமையா வேற சொல்லுவா. ஆனா இந்தத் தடவ சொந்த ஊரு, சொந்த ஆபீசு, நான் மூணு மாசம் உக்காந்த நாற்காலி. வேண்டாம்னுட்டேன்னு எந்த வாயால சொல்றது? துண்டு வேற போட்டுத் தொலச்சுட்டேன்.

அதுக்காக நான் முயற்சி பண்ணலன்னு நெனைக்காதீங்க. விண்ணப்பம் போடுவேன். ஹால் டிக்கெட்டு வரும். ஏழு தடவ கெளம்பியிருக்கேன், இதே பஸ்ஸு. பரிச்ச நடக்குற பள்ளிக்கூடம் ஸ்டாண்டுக்கு ரெண்டு ஸ்டாப்பு முன்னாடி. பஸ்ஸு நிக்கும். நான் எந்திரிக்கணும்னு நெனைப்பேன். ஒரு தடவ மழ. ஒரு தடவ எதுத்தாப்புல ஒத்தப் பூனை. ஒரு தடவ பக்கத்துல ஒரு பெரியவரு என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டாரு, எழுப்ப மனசு வரல. பஸ்ஸு போயிரும். ஸ்டாண்டுல எறங்கி அதே ஓட்டல்ல தோச. அதான் கண்டக்டர் சிரிக்கிறான்.

பொற்கொடி கதைய முடிக்கலையே. அந்தப் பொண்ணு பன்னண்டாந்தேதி வூட்டுக்கு வந்துச்சு. உடம்பு எப்படி இருக்குன்னு பாக்க. ஆப்பிளு, ஆரஞ்சு. எனக்குத் திக்குன்னு ஆயிப்போச்சு. ஏன்னா அது இப்ப சூப்பிரண்டெண்டு. எல்லாரோட பணிப்பதிவேடும் அது பீரோவுலதான். என்னுதத் தொறந்தா தேர்வு பாஸ்ங்கிற பக்கம் வெறுமையா இருக்கும். போதாக்குறைக்கு அந்தக் கம்ப்யூட்டர்ல நான் இறக்கி வச்ச ஹால் டிக்கெட்டு அப்படியே கெடக்குது. அழிக்க மறந்துட்டேன். செண்பகவல்லி பக்கத்துல நிக்கிறா. இந்தப் பொண்ணு வாயத் தொறந்தா என் மானம் கப்பலேறிடும்.

அது வாயத் தொறந்துச்சு. 'சார் இல்லாம ஆபீசே ஓடலக்கா'ன்னு செண்பகவல்லிகிட்ட சொல்லுச்சு. சங்கத்துக்காரங்க விஷயத்தயும் தானே முடிச்சு வச்சிருச்சாம். 'சார் பெரிய மனசுக்காரரு, எனக்காக விட்டுக் குடுத்துட்டாரு, மனு கினுன்னு அவர அசிங்கப்படுத்தாதீங்க'ன்னு சொல்லிடுச்சாம். எதுக்கு அப்படிச் சொல்லுது? பயம் சார். சீனியரப் பகச்சுக்கிட்டா நாளைக்கு யாருகிட்டப் போயி சந்தேகம் கேக்குறது? அந்தப் பயம்தான்.

அப்புறம் ஒரு கவரு குடுத்துச்சு. உள்ள இந்தத் துண்டு. தொவச்சு, இஸ்திரி போட்டு. அதுக்கு நடுவுல ஒரு பழைய நோட்டு. நான் சாப்பாட்டு நேரத்துல சொல்லச் சொல்ல அது எழுதுன நோட்டு. 'உங்களோடதுதான் சார், உங்ககிட்டயே இருக்கட்டும்'ங்குது. எனக்கே என் பாடத்தத் திருப்பிக் குடுக்குறாங்களாம்! நோட்டுக்குள்ள என் ஹால் டிக்கெட்டு, பிரிண்டு எடுத்து மடிச்சு வச்சிருக்கு. அடையாளத்துக்கு வச்சிருக்கும்போல, பக்கம் தெரியறதுக்கு.

அப்புறம் ரெண்டு பொம்பளைங்களும் அடுக்களையில அரை மணி நேரம் குசுகுசுன்னு பேச்சு. கொழம்பு மொளகாய்த்தூள் பத்தித்தான் இருக்கும்.

ஒண்ணு மட்டும் சொல்லணும். அனுபவம் இல்லங்கிறது அனுபவம் இல்லதான். நான் லீவு கேட்டது இருபதாந்தேதி வரைக்கும். சாங்ஷன் ஆகி வந்த உத்தரவப் பாத்தா இருபத்திரெண்டு வரைக்கும்னு இருக்கு. ரெண்டு நாளு கூட! கேக்காத லீவ எப்படிக் குடுக்கலாம்? விடுப்பு விதி நடத்துனப்ப அது தூங்கிருச்சுபோல. நான் போன் போட்டுச் சொன்னேன், 'அம்மா, தேதி தப்பா இருக்கு'ன்னு. 'தப்பில்ல சார், யோசிச்சுத்தான் போட்டேன்'னுச்சு.

என்ன சார் அப்படிப் பாக்குறீங்க? இன்னைக்கு என்ன தேதியா?

இருபத்திரெண்டு.

சரி. கல்யாணம் இல்ல. பைல பாத்திரம் இல்ல, புத்தகம். ஒன்பதரைக்குப் பரிச்ச. ஆனா கேட்டுக்குங்க, நான் எழுதணும்னு வரல. சும்மா வந்தேன். லீவு இருக்கேன்னு வந்தேன். இப்ப எழுதித்தான் என்ன ஆகப் போகுது? நாற்காலியில ஆளு உக்காந்தாச்சு. இனி அடுத்த காலியிடம் எப்ப வரும், எங்க வரும், யாருக்குத் தெரியும்? நாப்பத்தெட்டு வயசுல போயி, பதினாலு பேர பாஸ் பண்ண வச்சவன், சின்னப் பசங்களோட பெஞ்சுல உக்காந்து எழுதணுமா? ஃபெயிலாயிட்டா? சொல்லுங்க. இதுவரைக்கும் நான் ஃபெயிலானதில்ல சார். எழுதாதவன ஃபெயிலுன்னு யாரும் சொல்ல முடியாது. அந்த ஒரு பெருமதான் என்கிட்ட மிச்சம் இருக்கு. சிரிப்பா இருக்குல்ல? எனக்கும் சிரிப்பாத்தான் இருக்கு. ராத்திரி படுத்தாத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது.

விடுங்க. சாப்பிட்டீங்களா காலையில? இட்லி இருக்கு. செண்பகவல்லிகிட்ட கல்யாணத்துக்குப் போறேன்னுதான் சொன்னேன். கல்யாணச் சாப்பாட்டுக்குப் போறவனுக்கு எதுக்கு இட்லின்னு கேக்கலாம்னு பாத்தேன். இவகிட்டப் பேசி ஜெயிக்கவா? வாங்கி வச்சுக்கிட்டேன். ஒரு நிமிஷம், இந்த டப்பாவ எடுக்குறேன். புத்தகத்துக்கு அடியில போயிருச்சு. இந்தாங்க, பிடிங்க. என்ன இது? பேனாவா? ரெண்டு பேனா. புதுசு. நான் வைக்கலியே. மொய் எழுதவா ரெண்டு பேனா?

டப்பா மூடியில என்னமோ சீட்டு ஒட்டியிருக்கு. கண்ணாடிய எங்க வச்சேன். சார், கொஞ்சம் படிங்க.

என்ன எழுதியிருக்கு?

இன்னொரு தடவ படிங்க.

'பேசியாச்சு. எழுதவும்.'

காட்டுங்க, கண்ணாடி சட்டப் பையிலதான் இருந்திருக்கு. அவ எழுத்துத்தான். 'எழுதவும்'ல அந்த 'ழு'வ அவதான் அப்படிச் சுழிப்பா.

அப்ப மொளகாய்த்தூள் இல்ல.

எத்தன நாளா சார் இவளுக்குத் தெரியும்? பன்னண்டாந்தேதியிலேர்ந்தா? இல்ல, ஏழு தடவ நான் தோச சாப்பிட்டுட்டு வந்து 'கல்யாணச் சாப்பாடு பிரமாதம்'னு சொன்னப்பயேவா? ஒரு வார்த்த கேக்கலியே சார் அவ. காலையில வாசல் வரைக்கும் வந்து சட்டக் காலர இழுத்து விட்டா. எதுக்கு இழுக்குறான்னு நான் எரிஞ்சு வேற விழுந்தேன்.

என்னப்பா? வந்துருச்சா? அதுக்குள்ளயா? இருய்யா கண்டக்டரு, விசில் அடிக்காத! ஸ்டாண்டு இல்லப்பா, ஸ்கூல் ஸ்டாப்பு. ஸ்கூல் ஸ்டாப்புன்னுதான் சொல்றேன், என்ன வாயப் பொளக்குற? எறங்கணும். கொஞ்சம் கால நகத்துங்கம்மா. பை, பேனா. இட்லிய நீங்க சாப்பிடுங்க சார், எனக்கு இப்ப எறங்காது. சீட்ட மட்டும் குடுங்க.

ஜன்னலோரம் நகந்துக்குங்க சார், காத்து வரும். என்னது, துண்டா? இருக்கட்டும், நீங்களே வச்சுக்குங்க. எனக்கு எதுக்கு? உள்ள பெஞ்சுமேல சாக்பீஸ்ல என் நம்பர எழுதி எனக்குன்னு ஒரு இடம் போட்டு வச்சிருப்பாங்க சார். ஏழு தடவையா அது காலியாவே கெடக்குது.